ரிம் முதலில் வந்தது: ஒரு பிக்கப்பின் சக்கர மாற்றம் (நிகழ்வு ஆய்வு)

வண்டி இரட்டை கேபின் பிக்கப். நாலு சக்கர இழுவை, முன்னால் காயில் ஸ்பிரிங், பின்னால் பட்டை. கம்பெனியிலிருந்து வந்த டயர் 265/65ஆர்17. ரிம் 17 அங்குல விட்டம், 7.5 அங்குல அகலம், ஆஃப்செட் (சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கிறது என்ற அளவு, மி.மீ.இல்) கூட்டல் 30. உரிமையாளர் என் மைத்துனன். பம்பு மோட்டார், குழாய், கருவிப்பெட்டி என்று 500 கிலோவுக்குக் குறையாமல் ஏற்றிக்கொண்டு மேட்டு நிலத் தோட்டங்களுக்குப் போய் வருவது அவன் தொழில். ஓடும் தூரத்தைப் பத்தாகப் பிரித்தால் ஏழு பங்கு தார்ச்சாலை, இரண்டு பங்கு சரளை, மிச்சம் ஒரு பங்கு களிமண்ணும் உருண்டைக் கல்லும். அந்த ஒரு பங்கில்தான் வண்டி மாட்டும். அதனால்தான் சக்கரம் மாற்றும் எண்ணமே அவனுக்கு வந்தது. எண்ணத்தில் தவறில்லை, வரிசைதான் தவறிப்போனது.

அவன் முதலில் வாங்கியது ரிம். 9 அங்குல அகலம், ஆஃப்செட் கழித்தல் 12, மங்கலான கறுப்பு. பார்க்க உண்மையிலேயே நன்றாக இருந்தது. அந்த அகலத்துக்குப் பொருத்தமாக 285/70ஆர்17 அளவில் எம்டி டயர், அதாவது சேற்றுக்கான பெரிய பட்டன் டயர் வாங்கிப் போட்டான். வண்டியின் உயரத்தை ஏற்றவில்லை. பத்து நாள் கழித்துக் கூப்பிட்டான்.

"மாமா, முழுசா வளைச்சா எங்கேயோ உரசுது. எழுபதைத் தாண்டினா ஸ்டியரிங் நடுங்குது. ஒரு எட்டு வந்து பாருங்களேன்."

"மாப்ளே, அதுவரைக்கும் லோடு ஏத்தாதே. நான் வர்றேன்."

முதலில் கண்ணில் பட்டது நட்டு

உரசலைத்தான் பார்க்கப் போனேன். ஆனால் நடுக்கம் என்று கேட்டதும் கை தானாக வீல் நட்டுக்குத்தான் போனது. ஒன்றைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். கம்பெனி அலாய் ரிம்மோடு வந்த நட்டு அது. அடியில் தட்டையான வாஷர், அதற்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கழுத்து. புது ரிம்மின் நட்டுக்குழியோ 60 டிகிரி கூம்பு. தட்டை வாஷர் கூம்புக்குழியின் மேல்விளிம்பில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. வாஷரின் ஓரத்தில் பாதி வட்டத்துக்கு மட்டும் பளபளவென்று தேய்ந்த கீற்று. மறுபாதியில் பழைய மங்கல் நிறம் அப்படியே இருந்தது. ஒரே பக்கமாகத் தாங்கியிருக்கிறது என்று அந்தக் கீற்றே சொல்லிவிட்டது. ஒரு சக்கரத்தில் ஆறு நட்டில் இரண்டு கையால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. மாட்டிக்கொடுத்த கடையில் இதை யாரும் கவனிக்கவில்லை.

இந்த வண்டிக்கு ஆறு போல்ட், பிசிடி, அதாவது போல்ட்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டம், 139.7 மி.மீ. ரிம்மும் அதே பிசிடிதான், "அப்படியே உட்காரும்" என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள். பிசிடி பொருந்தினால் எல்லாம் பொருந்தும் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது, அது பாதி உண்மைதான். ஹைலக்ஸ் போன்ற டொயோட்டா பிக்கப்புகளின் ஹப், அதாவது சக்கரம் உட்காரும் நடுக்குடம், ரிம்மில் 106.1 மி.மீ. நடுத்துளை கேட்கும், ஃபோர்டு ரேஞ்சர் 93.1 மி.மீ. கேட்கும். இரண்டுமே 6க்கு 139.7தான். ரேஞ்சரின் ரிம் டொயோட்டா ஹப்பில் ஏறவே ஏறாது. டொயோட்டா ரிம் ரேஞ்சரில் ஏறும், ஆனால் நடுவில் இடைவெளி விட்டு ஆடும். மைத்துனனின் புது ரிம்மில் நடுத்துளை 110, வண்டியின் ஹப் 106. ஹப் நடுப்படுத்தாது, நட்டின் கூம்புதான் நடுப்படுத்த வேண்டும். கூம்பே இல்லாத நட்டைப் போட்டிருக்கும்போது ரிம்மை நடுவில் நிறுத்த அங்கே எதுவும் இல்லை. நடுக்கத்துக்குக் காரணம் அதுதான்.

கூம்பு நட்டு வாங்கி, சக்கரம் தரையில் படாமல் ஜாக்கியில் இருக்கும்போதே எதிரெதிர் வரிசையில் இறுக்கி, இறக்கிவைத்து, டார்க் ரெஞ்சில் வண்டிக் கையேடு சொன்ன அளவுக்கு முடித்தோம். 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சரிபார்த்தோம். நடுக்கம் போயே போய்விட்டது.

உரசல் போகவில்லை.

உரசல் எங்கிருந்து வந்தது

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுசாக ஒடித்து, வலது முன்சக்கரத்தின் பின்புறம் குனிந்து பார்த்தேன். கேபினைச் சட்டத்தோடு பிணைக்கும் மவுண்ட் அங்கேதான் இருக்கிறது. அதன் முனையில் ரப்பர்க் கறை. மட்கார்டின் உள் பிளாஸ்டிக் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. இடப்பக்கம் ஒடித்தால் இடது சக்கரத்திலும் அதேதான்.

நல்லவேளையாகப் பழைய சக்கரம் பத்திரமாக இருந்தது. அதை மாட்டி, முழு ஒடிப்பில் டயருக்கும் மவுண்ட்டுக்கும் இடைவெளி அளந்தோம்: 45 மி.மீ. இனி கணக்கு.

டயர் விட்டம்: 265இல் 65 விழுக்காடு 172 மி.மீ., அதுதான் பக்கச்சுவரின் உயரம். மேலும் கீழும் சேர்த்து 344.5, அதோடு 17 அங்குல ரிம்மின் 431.8. மொத்தம் 776 மி.மீ. புது டயரில் 285இல் 70 விழுக்காடு 199.5, இரண்டு மடங்கு 399, மொத்தம் 831. விட்டத்தில் 54.5 மி.மீ. அதிகம், ஆரத்தில் 27. ஆக, டயர் மவுண்ட்டை நோக்கி 27 மி.மீ. நெருங்கிவிட்டது.

அடுத்தது ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதே ஆஃப்செட். கூட்டல் என்றால் முகம் வெளிப்பக்கம் இருக்கும், சக்கரம் உள்ளே அடங்கும். கழித்தல் என்றால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். கூட்டல் 30இலிருந்து கழித்தல் 12க்குப் போனதில் சக்கரத்தின் நடுக்கோடு 42 மி.மீ. வெளியே வந்துவிட்டது. வெளியேதானே போகிறது, உள்ளே இடம் கூடத்தானே செய்யும் என்று தோன்றும். நேராக ஓடும்போது அது சரி. திருப்பும்போது சக்கரம் தன் நடுவில் சுழல்வதில்லை, உள்ளே இருக்கும் பால் ஜாயின்ட் அச்சைச் சுற்றித்தான் வீசும். கதவுக் கீலிலிருந்து கைப்பிடி தள்ளிப்போகப் போக அது போடும் வட்டம் பெரிதாவது போலத்தான். 35 டிகிரி ஒடித்தால், 42 மி.மீ. வெளித்தள்ளலில் பாதிக்கு மேல், அதாவது 24 மி.மீ. அளவுக்கு, அந்தப் பக்கச் சக்கரம் பின்னால் போகும்.

27ம் 24ம் 51. இருந்த இடைவெளி 45. மவுண்ட்டில் கறை படாமல் என்ன செய்யும்? இத்தனைக்கும் 9 அங்குல ரிம் டயரை இன்னும் விரித்திருக்கிறது என்பதை இதில் சேர்க்கவே இல்லை. ரிம் அகலம் அரை அங்குலம் கூடினால் டயரின் அகலம் சுமார் 5 மி.மீ. கூடும்.

இந்தக் கணக்குக்குத் தேவைப்பட்டவை ஒரு டேப், ஒரு காகிதம், அரைமணி நேரம். ரிம்முக்குப் பணம் கட்டும் முன்பே போட்டிருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

வெளிப்பக்கம் என்ன ஆனது என்பதையும் பார்த்தோம். அகலத்தில் பாதியிலிருந்து ஆஃப்செட்டைக் கழித்தால் ஹப்பிலிருந்து ரிம்மின் வெளிவிளிம்பு எவ்வளவு தூரம் என்று கிடைக்கும். பழையது 95 கழித்தல் 30, அதாவது 65 மி.மீ. புதியது 114ம் 12ம் சேர்ந்து 126. ஒவ்வொரு பக்கமும் 61 மி.மீ. வெளியே! மட்கார்டைத் தாண்டி நிற்கும் டயர் கதவு, கண்ணாடி, பின்னால் வருகிறவர் என்று எல்லோர் மேலும் சேற்றையும் கல்லையும் வாரி இறைக்கும். பல நாடுகளில் அது சட்டப்படியும் குற்றம். ஸ்டியரிங் குழியில் விழும்போதெல்லாம் கையை உதறியது. வீல் பேரிங்குக்கும் நெம்புகோல் போல 42 மி.மீ. கூடுதல் சுமை. பேரிங் அன்றே சத்தம் போடாது, கொஞ்ச நாள் கழித்துத்தான் போடும்.

வண்டியைத் தூக்கிவிட்டால் சரியாகிவிடாதா என்று மைத்துனன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் சஸ்பென்ஷனை உயர்த்தினால் டயருக்கு மேலே இடம் கூடுமே தவிர, பின்னால் இருக்கும் மவுண்ட் நகர்ந்துவிடாது. அதை வெட்டிப் பற்றவைக்கிறவர்கள் உண்டு. தினமும் சுமை ஏற்றும் வண்டியில், கேபினைத் தாங்கும் உறுப்பை டயருக்காக வெட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. உயரத்தில் ஐந்து குழாய்க்கட்டு ஏற்றும் வண்டிக்கு ஈர்ப்பு மையத்தை இன்னும் மேலே கொண்டுபோவதும் வேண்டாத வேலை.

உரசாமல் இருந்திருந்தாலும்

இந்தச் சக்கரம் உரசாமல் பொருந்தியிருந்தாலும் இந்த வேலைக்கு ஒத்து வந்திருக்காது.

பழைய சக்கரம் டயரும் ரிம்முமாக 27 கிலோ, புதியது 40. ஒரு மூலைக்கு 13 கிலோ. அதுவும் ஸ்பிரிங்குக்குக் கீழே, சுழலும் எடை. வண்டி நகரவும் நிற்கவும் அந்த எடையைச் சுழற்றியும் அடக்கியும் ஆக வேண்டும். பிரேக் மிதியை முன்பைவிட ஆழமாக மிதிக்க வேண்டியிருந்ததை அவனே சொன்னான்.

விட்டம் 7 விழுக்காடு கூடியதால் கடைசிப் பல்விகிதம் 3.9 என்பது 3.64 ஆனது போல் வண்டி நடந்துகொண்டது. மேட்டில் சுமையோடு ஒரு கியர் குறைத்தே ஏற வேண்டியிருந்தது. இறக்கம் அதைவிட மோசம். முதல் கியரில் விட்டால் எஞ்சின் பிடித்து நிறுத்தும் பலம் குறைந்துவிட்டது, பிரேக்கை நம்பி இறங்க வேண்டியதாயிற்று. மலைப்பாதையில் சுமை வண்டிக்கு இதைவிடப் பெரிய குறை எனக்குத் தெரியவில்லை.

ஸ்பீடோமீட்டரையும் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டோம். கம்பெனி டயரில் முள் 100 காட்டும்போது உண்மை வேகம் 96. பெரிய டயரில் முள் 100, உண்மை 103. ஐ.நா.வின் வாகன விதிமுறை 39இன்படி மீட்டர் உண்மை வேகத்துக்குக் கீழே காட்டவே கூடாது, மேலே காட்டலாம். அதனால்தான் கம்பெனிகள் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படியே அமைக்கின்றன. டயரைப் பெரிதாக்கினால் அந்தச் சலுகையைத் தின்று தீர்த்துவிட்டு மறுபக்கம் போய்விடுகிறோம்.

மைலேஜ் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். "லிட்டருக்கு ரெண்டு கிலோமீட்டர் விழுந்துபோச்சு மாமா" என்றான். அதில் ஒரு பகுதி மாயை. டயர் பெரிதானால் ஓடோமீட்டரும் குறைத்தே எண்ணும். காட்டிய தூரத்தை 1.07ஆல் பெருக்கிப் பார்த்தபோது விழுந்தது ஒன்றரைதான். அதுவும் குறைவில்லை.

மறுபடி முதலிலிருந்து

இந்தத் தடவை ரிம்மைப் பற்றிக் கடைசியில்தான் பேசுவது என்று முடிவு செய்தோம். முதல் கேள்வி சுமை.

டயரின் பக்கச்சுவரில் அளவுக்குப் பின்னால் வரும் எண் சுமைக் குறியீடு. 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ, 116 என்றால் 1,250, 121 என்றால் 1,450. கம்பெனி டயர் 112. அதற்குக் கீழே போகக் கூடாது, அதில் பேச்சுக்கே இடமில்லை. எல்டி என்று தொடங்கும், அதாவது இலகு சரக்கு வண்டிக்கான டயர்களில் சி, டி, இ என்று உறுதி வரிசை வரும். சி வகை தன் முழுச் சுமையைத் தாங்க 50 பிஎஸ்ஐ காற்று வேண்டும், இ வகைக்கு 80. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பழைய டயருக்கு வைத்த அதே காற்றை எல்டி டயரில் வைத்தால் அது பழைய டயர் அளவுக்குச் சுமை தாங்காது. எல்டி டயர் போட்டால் காற்றைக் கூட்டியே ஆக வேண்டும். எவ்வளவு என்பது டயர்க் கம்பெனியின் சுமை–காற்று அட்டவணையில் இருக்கும்.

இ வகைதான் கெட்டி, அதையே போடுவோம் என்றான். ஆயிரம் கிலோவுக்கு மேல் ஏற்றி, கூர்ப்பாறையில் தினம் ஓடினால் நானும் அதையே சொல்லியிருப்பேன். 500 கிலோ சுமைக்கு அந்தக் கெட்டித்தனம் வெறும் எடையாகவும் குலுக்கலாகவும்தான் திரும்பி வரும். சி வகை, குறியீடு 112 என்று முடித்தோம்.

இரண்டாவது, பட்டன். எம்டி டயர் ஆழ்ந்த சேற்றில் தன் பெரிய கட்டைகளால் சேற்றை உதறிவிட்டு மறுபடி கடிக்கும், அதை மறுக்க முடியாது. நனைந்த தார்ச்சாலையில் அதே பெரிய இடைவெளிகள் எதிரி ஆகின்றன. தரையைத் தொடும் ரப்பர் குறைவு, நீரைக் கீறும் மெல்லிய வெட்டுகளும் குறைவு. ஏழு பங்கு தார்ச்சாலையில் ஓடுகிறவன் ஒரு பங்கு சேற்றுக்காக மழைநாள் பிரேக்கை விட்டுக்கொடுக்கலாமா? ஏடி டயர்தான் சரி, அதாவது தார்ச்சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான ரகம், கட்டைகளில் மெல்லிய வெட்டும் பக்கச்சுவரின் தோளில் கல் தடுப்பும் உள்ளதாக.

மூன்றாவது, அளவு. 265/70ஆர்17. விட்டம் 803 மி.மீ., பழையதைவிட 3.4 விழுக்காடுதான் அதிகம். தரை இடைவெளி 13 மி.மீ. கூடும். "அவ்வளவுதானா?" என்று முகம் வாடியது. பெரிய டயர் கொடுத்ததே 27தான், அந்த 14 மி.மீ. வித்தியாசத்துக்குத்தான் இத்தனை பாடு என்று சொன்னதும் சமாதானமானான்.

விட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு 18 அல்லது 20 அங்குல ரிம்முக்குப் போகலாமா என்ற பேச்சும் வந்தது. ரிம் பெரிதாகப் பெரிதாகப் பக்கச்சுவர் குட்டையாகும். காற்று இறக்கி ஓட்டும்போது வளைந்து கொடுப்பது அந்தச் சுவர்தான். வேண்டாம்.

கடைசியில் ரிம். 8 அங்குல அகலம், ஆஃப்செட் கூட்டல் 20. பழையபடி கணக்கு: ஆரம் 13 மி.மீ., 10 மி.மீ. வெளித்தள்ளலால் ஒடிப்பில் 6, மொத்தம் 19. மவுண்ட்டுக்கு 26 மி.மீ. மிச்சம். வெளிவிளிம்பு 16 மி.மீ. மட்டும் வெளியே வரும், மட்கார்டு விளிம்போடு கிட்டத்தட்ட ஒட்டி நிற்கும். பார்வைக்கும் அது அழகுதான், அவன் ஆசையும் முழுக்க வீணாகவில்லை. நடுத்துளை 106.1, ஹப்பில் கச்சிதமாக ஏறியது. ரிம்மின் உட்பக்கத்தில் ஜப்பானிய அலாய் வீல் தரமான ஜேடபிள்யூஎல் முத்திரையும், தாங்கும் எடையும் வார்ப்பிலேயே இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்துத்தான் வாங்கினோம். டயர் தாங்கும் எடை ரிம்முக்கும் இருந்தாக வேண்டும், அழகு ரிம்கள் சில இங்கே கோட்டை விடுகின்றன.

டயரின் தேதியையும் பார்த்தோம். டிஓடி எழுத்துக்குப் பின் கடைசி நாலு இலக்கத்தில் முதலிரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஐந்தில் ஒன்று மற்றவற்றைவிட ஒன்றரை வருடம் பழையதாக இருந்தது, மாற்றி வாங்கினோம்.

ஆமாம், ஐந்து. ஸ்டெப்னியும் அதே அளவு, அதே ரகம். நாலு சக்கர இழுவையைப் போட்ட நிலையில் ஒரு சக்கரம் மட்டும் விட்டம் மாறினால் கியர்களுக்குள் ஓயாத இழுபறி நடக்கும், ஏபிஎஸ்ஸும் குழம்பும். 285 டயர் வண்டிக்கு அடியில் இருக்கும் ஸ்டெப்னித் தொங்கியில் ஏறவே இல்லை, அதுவரை பின்தட்டில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. 265/70 கொஞ்சம் இறுக்கமாக ஏறிவிட்டது.

ஓட்டிப் பார்த்தது

மாட்டி, அலைன்மென்ட் பார்த்ததும் முதல் சோதனை உரசலுக்கு. ஒரு முன்சக்கரத்தைக் கல் மேட்டில் ஏற்றி ஸ்பிரிங் நன்றாக அமுங்கிய நிலையில் இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, டார்ச் அடித்துப் பார்த்தோம். எங்கும் தொடவில்லை. பின்னோக்கி ஓட்டியும் பார்த்தோம். முன்னால் போகும்போது தப்பிக்கிற உரசல் பின்னால் வரும்போது மாட்டும்.

ஸ்பீடோமீட்டர் முள் 100, ஜிபிஎஸ் 99. டயரை மாற்றியும் மீட்டர் இவ்வளவு நேர்மையாகக் காட்டும் என்று நான் நினைக்கவில்லை.

அப்புறம் களிமண் ஏற்றம். முந்தின இரவு மழை. 36 பிஎஸ்ஐ காற்றோடு பாதி ஏறி, சக்கரம் வழுக்கிச் சுழன்று நின்றுவிட்டது. அவன் என்னைப் பார்த்த பார்வையில் 'எம்டி இருந்திருந்தா?' என்ற கேள்வி இருந்தது. பின்னால் இறங்கி, சமதரையில் நிறுத்தி, இரண்டு மெல்லிய அட்டைகளை முன்சக்கரத்தின் முன்னும் பின்னும் நுழையும் வரை தள்ளினேன். இடையில் இருந்த நீளம் 19 செ.மீ. டயர் தரையைத் தொடும் நீளம் அவ்வளவுதான். நாலிலும் 18 பிஎஸ்ஐக்குக் காற்று இறக்கிவிட்டு மறுபடி அளந்தோம். இப்போது நீளம் 27 செ.மீ. ஆகியிருந்தது. அகலம் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது, நீளம்தான் கூடியது. அதே ஏற்றம், அதே டயர். இரண்டாவது கியரில் லோ ரேஞ்சில் நிதானமாக ஏறியது. உருண்டைக் கல் மேல் ஏறும்போது டயர் கல்லைத் தட்டிவிடாமல் அணைத்துக்கொண்டு போனதைப் பக்கத்தில் நடந்து வந்தே பார்த்தேன்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா மாமா? பழைய டயர்லயே ஏறியிருப்பேனே!"

பாதி ஏற்றங்கள் ஏறியிருக்கும், உண்மைதான். ஆனால் பழைய டயரின் மெல்லிய சுவர் அந்தக் கல்லில் கிழிந்திருக்கவும் கூடும். பீட்லாக், அதாவது டயரின் ஓரத்தை ரிம்மோடு இறுக்கும் வளையம், இல்லாத ரிம்மில் 15க்குக் கீழே இறக்காதே, டயரின் ஓரம் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் என்றும், இறக்கிய காற்றோடு வேகம் போகாதே, தார்ச்சாலைக்கு வந்ததும் முதல் வேலை காற்றடிப்பதுதான் என்றும் சொல்லி, சின்ன கம்ப்ரசர் ஒன்றை சீட்டுக்கடியில் கட்டினோம்.

சுமையோடு எவ்வளவு காற்று என்பதற்கு அட்டவணையில் தொடங்கி, ஓட்டிச் சரிபார்த்தோம். காலையில் குளிர்ந்த டயரில் பின்பக்கம் 44. ஒரு மணி நேரம் சுமையோடு ஓடி நின்றதும் 48. நாலு பிஎஸ்ஐ ஏற்றம் இயல்பு. ஆறைத் தாண்டியிருந்தால் டயர் மிதமிஞ்சி வளைந்து சூடாகிறது, காற்று போதவில்லை என்று எடுத்துக்கொண்டிருப்போம். சுமையில்லாத நாளில் பின்பக்கம் 34, முன்பக்கம் எப்போதும் 36. மூன்று எண்ணையும் ஓட்டுநர் பக்கக் கதவின் உள்ளே ஒட்டிவைத்திருக்கிறான்.

இப்போது 9,000 கிலோமீட்டர் ஆகிறது. மைலேஜ் பழைய டயரைவிட அரை கிலோமீட்டர் குறைவு, திருத்திய கணக்கில். ஐந்து சக்கரத்தையும் ஒருமுறை இடம் மாற்றியாயிற்று, தேய்மானம் சீராக இருக்கிறது. எம்டி டயர்களைச் சேற்று வயலிலேயே புழங்கும் ஒருவர் எடுத்துக்கொண்டார், அவர் வண்டிக்கு அதுதான் சரி. கழித்தல் 12 ரிம் நாலும் இன்னும் கொட்டகைச் சுவரில் சாய்ந்திருக்கின்றன. கேட்டு வருகிறவர்களிடம் அவன் முதலில் கேட்பது வண்டி என்ன, ஹப் அளவு என்ன, முழுசாக ஒடித்தால் பின்னால் எத்தனை மி.மீ. இடம் இருக்கிறது என்பதுதான். இதுவரை இரண்டு பேரைத் திருப்பி அனுப்பிவிட்டான்.